சமயமும் கலையும்: பகுத்தறிவுக்கு அடங்காச் சிந்தனையின் இடம்

மனிதன் பகுத்தறிவுடைய விலங்கு என்று மேனாட்டு மெய்யியலார் இலக்கணம் வகுத்தனர். தொல்காப்பியரோ உயிர்களை ஓரறிவு முதலாக வகைப்படுத்தி, மனிதனுக்குரிய ஆறாவது அறிவினை மனம் என்று கொண்டார். இவ்விரண்டும் ஒன்றே எனத் தோன்றினும் ஒன்றல்ல. பகுத்தல் மனத்தின் தொழில்களுள் ஒன்று. அஞ்சுதல், வியத்தல், கனாக் காணுதல், இல்லாததனை உள்ளதாக உருவகித்தல் என்பனவும் மனத்தின் தொழில்களே. பகுத்தல் ஒன்றையே மனிதத் தன்மையாகக் கொள்வார்க்குச் சமயமும் கவிதையும் மனிதனின் குழந்தைப் பருவத்து எச்சங்களாகத் தோன்றும். மனம் முழுவதையும் கொள்வார்க்கு அவை வேறு வகையாகத் தோன்றும். எது பொருத்தமானது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஆராய்ச்சிக்கு முன் சொற்பொருளைத் தெளிதல் வேண்டும். பகுத்தறிவுக்கு அடங்காதவை யாவும் ஒரே இனத்தன அல்ல. அறிவினாற் பொய்யென்று காட்டத்தக்க கூற்றினை மெய்யெனப் பற்றி நிற்பது ஒரு வகை. இதனை அறிவுமுரண் எனலாம். மெய், பொய் என்னும் வினாவிற்கே உட்படாத உருவகம், சடங்கு, கனவு, இசை என்பன மற்றொரு வகை. இவற்றை அறிவுசாராதன எனலாம். தாலாட்டு மெய்யா பொய்யா என்று எவரும் வினாவுவதில்லை. இவ்விரு வகையினையும் ஒன்றாகக் குழைத்தமையே இப்பொருள் பற்றி நிகழ்ந்த வாதங்கள் பலவற்றின் குறை. சமயத்தைத் தாக்குவோர் இரண்டாவதனையும் முதலாவதாகக் கொண்டு தாக்குகின்றனர். சமயத்தைக் காப்போரோ முதலாவதனையும் இரண்டாவதன் போர்வைக்குள் மறைத்துக் காக்கின்றனர்.

மேனாட்டில் இவ்வாராய்ச்சி பழைமையானது. பிளேட்டோ தமது பீட்ரஸ் என்னும் உரையாடலில் தெய்வத்தால் வரும் பித்தினை நான்காக வகுத்தார். வருவதுரைத்தல், சடங்கு, கவிதை, காதல் என்பன அவை. அவரே தமது குடியரசு நூலிற் கவிஞரை நகருக்கு வெளியே நிறுத்தினார். பித்தின் பயனை ஏற்றுக்கொண்ட ஒருவரே அதன் ஆட்சியை அஞ்சினார் என்பது கருதத்தக்கது. கிரேக்கரை அறிவின் திருவுருவங்களாகவே போற்றிவந்த உலகிற்கு, அவர்தம் வாழ்வில் வெறியும் கனவும் பெற்றிருந்த இடத்தை ஈ. ஆர். டொட்ஸ் 1951 இல் வெளியிட்ட நூல் எடுத்துக்காட்டியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் பிரேசர் மந்திரச் சடங்கினைப் பிழைபட்ட விஞ்ஞானமாகக் கண்டார். இயற்கையை ஆள விரும்பிய ஆதி மனிதன் காரண காரியத் தொடர்பினைத் தவறாக உணர்ந்தான், அத்தவறே சடங்காயிற்று என்பது அவர் கருத்து. சிக்மண்ட் பிராய்ட் 1927 இல் எழுதிய நூலிற் சமயத்தை விருப்பத்தின் வழிப்பட்ட மாயத்தோற்றம் என்றார். ஆயின், அவரே 1908 இல் எழுதிய கட்டுரையொன்றிற் புலவனின் படைப்பினையும் பகற்கனவோடும் குழந்தை விளையாட்டோடும் தொடர்புறுத்திக் காட்டினார். வேர் ஒன்றாயின், ஒரு கிளையினை வெட்டி மறுகிளைக்கு நீர் வார்ப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்குப் பிராய்டின் நூல்களிற் போதிய விடையில்லை.

மலினோவ்ஸ்கி என்னும் மானிடவியலாரின் கூற்று இவர்களினும் நுட்பமானது. திரோபிரியந்துத் தீவினர் பாதுகாப்பான களப்பில் மீன் பிடிக்கும்போது மந்திரத்தை நாடுவதில்லை என்றும், ஆபத்து நிறைந்த ஆழ்கடலுக்குச் செல்லும்போதே நாடுகின்றனர் என்றும் அவர் கண்டு எழுதினார். அறிவும் கைத்திறனும் செல்லும் எல்லைவரை மனிதன் அவற்றையே நம்புகின்றான், அவை முடியும் இடத்தில் சடங்கு தொடங்குகின்றது என்பது அதன் சாரம்.

இக்கூற்றினை வன்னி நிலத்தில் வைத்துச் சோதித்தல் தகும். கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளைப் பகுதியின் வயல்களுட் பல இரணைமடுக் குளத்து நீரால் விளைவன. குளக்கட்டு உடையாதிருக்க மண் இடுவதும், வாய்க்காலைத் துப்புரவு செய்வதும், நீர்ப்பங்கீட்டைக் கூட்டங் கூடி முடிவுசெய்வதும் அங்குள்ள உழவரின் வழக்கம். 2018 டிசம்பரிற் பெருவெள்ளம் கண்டாவளையை மூடியபோது, குளத்தின் வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற வினா எழுந்து விசாரணை வரை சென்றது. தெய்வக் குற்றம் என்று சொல்லி அவ்வினா மூடப்படவில்லை. அதே பகுதியிலுள்ள புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலிற் பங்குனி உத்தரப் பொங்கல் நிகழும்போது அம்மக்களே பெருந்திரளாகக் கூடுகின்றனர். காலபோக அறுவடை முடிந்த பருவம் அது. வயலில் இறங்குவோனுக்குப் பாம்பு எங்கே கிடக்கும் என்பதனை எக்கணக்கும் சொல்லாது. அவ்வச்சமே அங்கு தெய்வ உருப் பெற்றுள்ளது. அறிவும் வழிபாடும் ஒரே மனிதனிடத்து வேலி பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. அறிவில்லாமையால் மட்டும் வழிபாடு தோன்றுகின்றது என்பார் இவ்வேலியைக் காணாதார்.

எனினும் மலினோவ்ஸ்கியின் விளக்கமும் முழுமையானதன்று. அச்சம் ஒன்றே சமயத்தின் பிறப்பிடமாயின், அச்சம் நீங்கிய இடத்துச் சமயம் நீங்குதல் வேண்டும். இதற்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வழிபாடு தக்க சான்று. நந்திக்கடற் கரையிலே மாடு மேய்த்த சிறுவர்முன் முதியவள் ஒருத்தி தோன்றினாள் என்பது அக்கோயிலின் வாய்மொழிக் கதை. விளக்கேற்றுமாறு அவள் கேட்க, எண்ணெய் இல்லையென்றனர் சிறுவர். கடல்நீரை வார்த்து ஏற்றுமாறு அவள் கூற, விளக்கு எரிந்தது. பின்னர் தலையிற் பேன் பார்க்குமாறு அவள் பணிக்க, கூந்தலை விலக்கிய சிறுவர் ஆயிரம் கண்களைக் கண்டு திகைத்தனர். அவள் மறைந்தாள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி தங்கிய பத்தாவது இடமாதலின் பத்தாப்பளை எனப் பெயர் பெற்று, அதுவே வற்றாப்பளை என மருவியது என்பர். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கடலிலிருந்து தீர்த்தம் எடுக்கப்பட்டு, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு ஏற்றப்படுகின்றது. திங்கட்கிழமைப் பொங்கல் வற்றாப்பளையில் நிகழ்கின்றது.

ஆயிரம் கண் என்பது அம்மை நோயின் கொப்புளங்களைக் குறிக்கும் உருவகம் என்று கருத இடமுண்டு. கண்ணகை வழிபாடு வெப்பு நோய்களோடு நெடுங்காலம் பிணைந்திருந்தது. அந்நோயைப் பொங்கல் ஒழிக்கவில்லை. 1796 இல் எட்வேட் ஜென்னர் தொடக்கிய தடுப்பு முறையின் வழிவந்த மருத்துவமே ஒழித்தது. பெரியம்மை உலகினின்றும் நீங்கிவிட்டதாக 1980 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பிரேசர் கூறியவாறு சடங்கு பிழைபட்ட விஞ்ஞானமாயின், மெய் விஞ்ஞானம் வென்றபின் அது மறைந்திருத்தல் வேண்டும். அச்சத்தின் குழவியாயினும் அங்ஙனமே மறைந்திருத்தல் வேண்டும். வற்றாப்பளையில் அது மறையவில்லை. 2009 மே மாதத்தில் அதே நந்திக்கடற் கரையிற் போர் முடிவுற்றது. எண்ணற்றோர் மாண்டனர். எஞ்சியோர் முகாம்களிலிருந்து மீண்டு வந்த காலத்தில் விளக்கு மறுபடியும் ஏற்றப்பட்டது. கணவனைக் கொன்றமைக்கு நீதி கேட்டு அரசன் வாயிலில் நின்ற ஒரு பெண்ணின் முன் அம்மக்கள் கூடுவது நோய்க்கு மருந்து தேடியன்று. துயரத்திற்கு ஓர் உருவம் வேண்டும், அதனைப் பலரோடு கூடித் தாங்க ஓர் இடம் வேண்டும். இவ்வேண்டுகோளை எச்சோதனைச் சாலையும் நிறைவேற்றுவதில்லை. நிறைவேற்றல் அதன் கடமையுமன்று.

சைவ மரபிற்குள்ளேயே இவ்வழிபாட்டிற்கு எதிர்ப்பு எழுந்தது. ஆறுமுக நாவலர் (1822-1879) கண்ணகி வழிபாட்டினைக் கடிந்தார். சமணச் செட்டிப்பெண் ஒருத்தியைச் சைவர் வழிபடுதல் ஆகாது என்பது அவர் கொள்கை. உயிர்ப்பலியையும் அவர் கண்டித்தார். அவர் வழிவந்த சீர்திருத்தத்தின் பின் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி, புவனேசுவரி முதலிய பெயர்களை ஏற்றன. உயிர்ப்பலியைக் கடிந்தமை அறத்தின்பாற்பட்டது. அதற்குத் தமிழுலகம் கடப்பாடுடையது. ஆயின், கண்ணகியை விலக்கியமை பகுத்தறிவின் வெற்றி என்று கொள்ளத்தக்கதன்று. ஆகமம் இறைவன் அருளியது என்பதே நாவலர் வாதத்தின் அடிப்படை. அவ்வடிப்படையும் பகுத்தறிவால் நிறுவப்படுவதன்று. அங்கு மோதியவை அறிவும் அறியாமையும் அல்ல, ஏட்டு மரபும் வாய்மொழி மரபுமே. நூலில் எழுதப்பட்டமையாலேயே ஒரு நம்பிக்கை அறிவுடைத்தாகிவிடாது. நாட்டார் வாயில் வழங்குவதனாலேயே மற்றொன்று மூடத்தனமாகிவிடாது.

வரலாறு இதனைப் பிறிதோராற்றானும் தெளிவுறுத்தியது. சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் அரும்பதவுரை, அடியார்க்கு நல்லாருரையுடன் 1892 இற் பதிப்பித்தார். நாவலர் மறைந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. அதன்பின் கற்றோர் கண்ணகியைத் தமிழினத்தின் பெருமையாகக் கொண்டாடினர். ஏடு கைக்கு எட்டாத காலத்திலும் அவள் கதையைப் பாடிக் காத்தோர் வன்னியிலும் மட்டக்களப்பிலும் வாழ்ந்த உழவரும் கட்டாடிமாரும் கூத்தருமே. சிங்கள மக்கள் பத்தினி தெய்யோ என்று அவளை வழிபட்ட வரலாற்றினைக் கணநாத் ஒபயசேகர 1984 இல் வெளியிட்ட பெருநூல் விரித்துரைக்கின்றது. கற்றோர் மறந்ததனை நம்பினோர் நினைவில் வைத்திருந்தனர் என்பது மறுக்கவொண்ணாதது.

பகுத்தறிவை முழங்கிய இயக்கத்தின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. பெரியார் ஈ. வெ. இராமசாமி சிலப்பதிகாரத்தைப் பெண்ணடிமையைப் போற்றும் நூல் என்று சாடினார். அவரிடம் பயின்று பிரிந்து ஆட்சியேற்றோர் காலத்தில், 1968 ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையிற் கண்ணகிக்குச் சிலை எழுந்தது. அச்சிலை 2001 இல் அகற்றப்பட்டபோது கிளர்ச்சி மூண்டது. 2006 இல் மீண்டும் நிறுவப்பட்டது. தெய்வத்தை மறுத்தோருக்கும் ஓர் உருவம் தேவைப்பட்டது. இதனை அவர்களின் முரண்பாடு என்று எள்ளுதல் எளிது. மனிதர் கூட்டமாக வாழ்வதற்குக் கருத்து மட்டும் போதாது, படிமமும் வேண்டும் என்னும் பாடத்தைக் கொள்ளுதல் அதனினும் பயனுடையது.

இனிக் கலையாக்கத்திற்கு வருவோம். சங்கப் பாடல்களில் வரும் வெறியாட்டு இப்பொருளுக்கு நேரிய எடுத்துக்காட்டு. தலைவியின் மெலிவினைக் கண்ட தாய் வேலனை அழைக்கின்றாள். வேலன் களம் இழைத்து, மறியறுத்து, முருகு அணங்கிற்று என்கின்றான். நோய்க்குக் காரணம் காதல் என்பதனைத் தோழி அறிவாள், படிப்போரும் அறிவர். நற்றிணையின் முப்பத்து நான்காம் பாட்டிலே, தன்னால் வந்த நோயன்று என்று தெரிந்தும் களத்திற்கு வந்த முருகனையே தோழி அறியாமையுடையவன் என்று கடிகின்றாள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இப்புலவர்கள் சடங்கினை நம்பவும் இல்லை, விலக்கவும் இல்லை. பறையும் வெறிக்களமும் காந்தளும் தரும் படிமங்களைப் பயன்கொண்டு, அவற்றின் நடுவே அறிவின் நகையினை வைத்தனர். வெறியாட்டு இல்லையேல் அப்பாடல் இல்லை. நகை இல்லையேல் அது பாடலாகாது, சடங்கின் பதிவாகவே நின்றுவிடும்.

இளங்கோவடிகளின் காப்பியமும் இவ்வழியே இயங்குகின்றது. கண்ணகியின் தீக்கனா, வேட்டுவ வரியிலே சாலினி தெய்வமுற்று உரைத்தல், மார்பினைத் திருகி எறிந்து நகரை எரித்தல் என்பன பகுத்தறிவின் எல்லைக்குள் வாரா. ஆயின், அவற்றின் நடுவே வழக்குரை காதை நிற்கின்றது. அங்கு கண்ணகி வெறியாடவில்லை, வழக்காடுகின்றாள். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்பது சான்றினால் தீர்க்கப்படும் வினா. சிலம்பு உடைக்கப்படுகின்றது, உண்மை வெளிப்படுகின்றது, அரசன் வீழ்கின்றான். தீ அதன் பின்னரே எழுகின்றது. சான்று முன்னும் சீற்றம் பின்னுமாக அமைந்தமையே அக்காப்பியத்தின் அறவலிமை. இவ்வரிசை மாறியிருப்பின் கண்ணகி பத்தினியாகாள், அச்சுறுத்தும் அணங்காகவே எஞ்சியிருப்பாள்.

முல்லைத்தீவுப் பகுதியில் ஆடப்பெறும் கோவலன் கூத்தினை நோக்குவார்க்கும் இது புலனாகும். அதன் உள்ளுயிர் கண்ணகை பாலுள்ள பக்தி. அதன் உடலோ கண்டிப்பான கணக்கு. தாளக்கட்டும் வரவுப்பாட்டும் அடிவைப்பும் அண்ணாவியாரிடம் பல மாதம் பயின்று பெறப்படுவன. தெய்வம் ஏறியவன் தாளம் தவறலாம், கூத்தன் தவறலாகாது. சடங்கு கலையாவது இப்புள்ளியிலேயே.

விஞ்ஞான ஆக்கத்திலும் இவ்விரு நிலைகள் உண்டு. பென்சீன் மூலக்கூறு வளைய வடிவினது என்னும் கருத்தை 1865 இல் வெளியிட்ட கெகுலே, தன் வாலைத் தானே கவ்விய பாம்பு ஒன்று அரைத்துயிலிற் தோன்றியமையே அதற்கு வித்தாயிற்று என்று 1890 இல் ஒரு விழாவிற் கூறினார். கனவு காணக் கற்போம் என்ற அவர், விழித்த அறிவினால் அக்கனவுகளைச் சோதிக்கும்வரை வெளியிடாதிருக்கவும் அறிவுறுத்தினார். கணித மேதை இராமானுசன் (1887-1920) தமது முடிவுகளை நாமக்கல் நாமகிரித் தாயார் அருளியனவாகக் கருதினார் என்பர். 1913 இல் அவர் எழுதிய கடிதத்தைக் கண்டு வியந்த ஹார்டி, அவரை நிறுவல் என்னும் ஒழுங்கின்பால் திருப்ப முயன்றார். இராமானுசன் கண்டவற்றுட் பெரும்பாலன பின்னர் சரியென நிறுவப்பட்டன, சில பிழையென்றும் காட்டப்பட்டன. இங்குக் கொள்ளத்தக்கது யாதெனின், அருளிய தெய்வம் ஒன்றேயாயினும் மெய்யையும் பிழையையும் பிரித்தது நிறுவலே என்பது. கனவு கருத்தினைத் தரும், அதற்குச் சான்றிதழ் தரமாட்டாது.

இவ்வெல்லையினை மறந்தவழி விளையும் கேடு சிறிதன்று. இலங்கையில் ஆண்டொன்றிற்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கின்றது என்றும், 400 இற்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்றும் 2016 இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. நாகதம்பிரானுக்குப் பொங்கும் உழவன் அச்சத்தை ஆற்றுகின்றான், அது குற்றமன்று. கடிபட்டவனைக் கோயில் வாசலிற் கிடத்தி நேரத்தைக் கழிப்பது குற்றம். நச்சுமுறி மருந்து செய்யும் வேலையை நேர்த்தி செய்யாது. முன்னது அறிவுசாராதது, பின்னது அறிவுமுரண். கேரளத்திற் பிறந்து இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் (1898-1978), அற்புத ஆற்றலை ஏமாற்றற்ற நிலையிற் காட்டுவோர்க்கு இலட்சம் ரூபா தருவதாக 1963 இல் அறைகூவல் விடுத்தார். அவர் வாழ்நாள் முழுவதும் அப்பரிசினை எவரும் வெல்லவில்லை. தெய்வத்தின் பெயரால் மக்களை ஏய்ப்போரின் முகத்திரையைக் கிழித்தமை அவர் செய்த பெருந்தொண்டு. ஆயின், கடல்நீர் எரியாது என்று நிறுவுவதனால் உப்புநீர் விளக்கின் பொருள் முடிந்துவிடும் என்று கருதுவோர், கோவூரின் வாளைக் கொண்டு நிழலை வெட்டுவோரேயாவர். உப்பும் நீரும் எரிபொருளல்ல. இரசாயன நூல் கூறுவது அவ்வளவே. ஏன் ஒரு சமூகம் அவ்விளக்கின்முன் தன் இறந்தோரை நினைந்து நிற்கின்றது என்பதற்கு அந்நூல் விடை தேடவில்லை.

அறிவுமுரணின் கொடிய வடிவம் கோயிலிற் காணப்படுவதன்று, வரலாற்றிற் காணப்படுவது. இறையனார் களவியலுரை முச்சங்கங்களுக்கும் 4440, 3700, 1850 ஆண்டுகள் எனக் கணக்குக் கூறும். கடல்கொண்ட நிலம் பற்றிய அக்கதை இழப்பின் உருவகமாக நிற்கும்போது உயர்ந்த கற்பனை. மகாவம்சம் கூறும் சிங்கத்தின் வழித்தோன்றலான விசயன் கதையும் அத்தகையதே. இவற்றைப் படிமம் என்று கொள்ளாது, உரிமைப் பத்திரம் என்று இரு சாராரும் நீட்டியபோது அவை பகைக்கு எரிபொருளாயின. கதை, கதையாக நிற்கும்வரை விளக்கு. சாட்சியாக ஏறும்போது தீ. இத்தீவின் மக்கள் இவ்வேறுபாட்டைப் பெருவிலை கொடுத்தே அறிந்தனர்.

ஆதலின், பகுத்தறிவுக்கு அடங்காச் சிந்தனையை ஒழித்துவிடுக என்பாரும், அதனை வினாவாது போற்றுக என்பாரும் ஒரே பிழையின் இரு முனைகளில் நிற்கின்றனர். முன்னவர் ஊற்றினை அடைக்கின்றனர், பின்னவர் கரையினை உடைக்கின்றனர். படிமத்தைத் தருவது ஒன்று, அளந்து நோக்குவது மற்றொன்று. துயரத்திற்கும் வியப்பிற்கும் நன்றிக்கும் வடிவு தருமிடத்து முன்னது தலைமை தாங்குதல் தகும். நோய் யாது, குற்றவாளி யார், நிலம் எவரது என்னும் வினாக்களிற் பின்னதே தீர்ப்புரைத்தல் வேண்டும். கண்டாவளையின் உழவர் இப்பிரிவினையை மெய்யியல் நூல் கற்று அறிந்தாரல்லர். மழையை வேண்டிப் பொங்குவோர், பெய்த மழை வீணாகாதவாறு குளக்கட்டினையும் காக்கின்றனர். அவ்விரு தொழிலையும் ஒன்றோடொன்று மயங்கவிடாமையே அவர்தம் பேரறிவு.